தைப்பூச லீவு வேண்டுமா? முதலில் பெருநாள் ஷிப்டை ஏற்றுக்கொள்ளுங்கள்

பினாங்கில் ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டியூட்டி பட்டியல் வருவதற்கு முன்பே, "நோன்புப் பெருநாளுக்கு நான் வர்றேன், நீங்க வீட்டோட இருங்க" என்று மலாய் நண்பரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சீனப் புத்தாண்டுக்குச் சீன நண்பரிடமும் அப்படியே.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பல பண்டிகையிலும் ஓடும், யாராவது நின்றே ஆக வேண்டும். இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை ஒரு நாள்தான். ஆனால் ரதம் புறப்படுவது தைப்பூசத்துக்கு முந்தின நாள், திரும்புவது தைப்பூசத்துக்கு மறுநாள். அந்த இரண்டு நாளுக்கும் அந்த நண்பர் உங்கள் ஷிப்டைப் பார்த்துக்கொண்டால் உங்கள் வருடாந்திர லீவு அப்படியே மிஞ்சும். நோன்பு மாதத்தில் மாலை வேலையை ஏற்று, நோன்பு துறக்க அவரை நேரத்தோடு அனுப்புவது இன்னும் நல்லது. அந்த உதவியை யாரும் எளிதில் மறப்பதில்லை.

ஆனால் முதலில் கேளுங்கள். பொது விடுமுறையில் வேலை செய்தால் கூடுதல் சம்பளம் உண்டு, சிலருக்கு அந்தப் பணம் தேவைப்படலாம். எல்லாருக்கும் ஒன்றாக மூடும் அலுவலகத்தில் இது பயன்படாது. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு காலை ஷிப்டை மாற்றி எடுக்காதீர்கள். அப்புறம், சூப்பர்வைசர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.