டயாலிசிஸ் நோயாளிக்கு எக்கோ: எந்த நாளில் எடுத்தது?

ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட். முதலாவதில் இடது கீழறை விரிந்திருக்கிறது, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் மிதமான கசிவு. அடுத்ததில் அறை சிறுத்து, கசிவும் லேசாகிவிட்டது. இதயம் தேறிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். முதலாவதை டயாலிசிஸுக்கு முன்பும், மற்றதை 3 லிட்டர் நீரை எடுத்த பிறகும் எடுத்திருந்தால் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்பவருக்கும் ஒரு நீண்ட இடைவெளி உண்டு. அதன் முடிவில், உடம்பில் நீர் உச்சத்தில் இருக்கும்போது எக்கோ எடுப்பது பலர் செய்யும் தவறு. சரி, டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுக்கலாமா? அதுவும் உகந்ததல்ல. நீரை வேகமாக எடுக்கும்போது இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைந்து, சுவரின் சில பகுதிகள் தற்காலிகமாகச் சோர்ந்துபோகலாம். டயாலிசிஸ் இல்லாத நாளில், ட்ரை வெயிட்டுக்கு (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) பக்கத்தில் எடை இருக்கும்போது எடுப்பதே நல்லது. மூச்சுத்திணறல் போன்ற அவசரம் என்றால் நாள் பார்க்கக் கூடாது.

மிகவும் ஏமாற்றுவது இ/ஏ விகிதம். சுருங்கி முடித்த இதயம் தளர்ந்து விரியும்போது கீழறைக்குள் முதலில் பாயும் ரத்தம் இ அலை. பிறகு மேலறை சுருங்கித் தள்ளுவது ஏ அலை. தளர்வது மந்தமாகிவிட்ட இதயத்தில் இ சிறுத்து ஏ ஓங்கும். ஆனால் நீர் தேங்கி மேலறையில் அழுத்தம் ஏறினால் இ மறுபடி உயர்ந்துவிடும். படம் நார்மல் மாதிரியே தெரியும். நீரை எடுத்ததும் இ இறங்க, மறைந்திருந்த கோளாறு வெளியே வருகிறது. அதைப் பார்த்து ‘டயாலிசிஸ்தான் இதயத்தைக் கெடுத்தது’ என்பது தலைகீழான முடிவு. வால்வு வளையத்தின் அசைவை அளக்கும் டிஷ்யூ டாப்ளர் நீரின் அளவுக்கு இவ்வளவு ஆடாது. அதற்காக அது துளியும் மாறாது என்றும் நம்பிவிட வேண்டாம்.

இதயத் தசையின் எடையிலும் இதே வம்புதான். வழக்கமான சூத்திரம் அளவுகளின் கனத்தை (5 × 5 × 5 என்பதுபோல) எடுக்கிறது; அதனால் சிறு மாற்றமும் பெரிதாகிவிடும். சுவர்கள் 1.2 செ.மீ. தடிமனில் அப்படியே இருக்க, அறையின் விட்டம் 5.4 செ.மீ.யிலிருந்து 5.0 ஆனால், கணக்கில் எடை சுமார் 264 கிராமிலிருந்து 234-க்கு இறங்கிவிடும். டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரத்தில் 30 கிராம் தசை எங்கே கரையும்? இதை மருந்தின் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது.

உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை புடைத்திருந்தால் நீர் அதிகம் என்று எண்ணுவார்கள். ஆனால் அதன் விட்டத்தை மட்டும் வைத்து ட்ரை வெயிட்டை மாற்றுவதும் வேண்டாம். வலது பக்க இதயம் பலவீனமாக இருந்தாலும் அந்தச் சிரை புடைத்துத்தான் இருக்கும்.

அப்புறம், எக்கோவுக்குப் போகும்போது கடைசி டயாலிசிஸ் தேதி, எடுத்த நீரின் அளவு, ட்ரை வெயிட், அன்றைய எடை, நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தம் பார்க்க வந்தால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இல்லாத கையை நீட்டுங்கள்.