பழைய கேம், பெரிய மானிட்டர்: படம் இழுபடாமல் விளையாடுவது எப்படி?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி 27 இன்ச் மானிட்டர் வாங்கியாயிற்று. ஆசையாகப் பழைய வைஸ் சிட்டி கேமைப் போட்டால் ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள், மூலையில் இருக்கும் வட்ட ரேடார் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. கடையில் கேட்டால் "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க சார்" என்பார்கள். கார்டெல்லாம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு செட்டிங்கிலேயே முடிந்துவிடும்.

முதலில் காரணம். 2000 வாக்கில் வீடுகளில் இருந்தவை 15, 17 இன்ச் டப்பா மானிட்டர்கள். அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. கேம்களும் அதற்கேற்றபடி 640×480 (அகலவாக்கில் 640 புள்ளி, உயரவாக்கில் 480), 800×600, 1024×768 என்றே வந்தன. இன்றைய மானிட்டர் 16:9. அந்தப் படத்தை இதில் விளிம்பு வரை நிரப்பினால், இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும்.

ஆகவே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பதற வேண்டாம். அது கோளாறே இல்லை, அதுதான் சரியான படம். காசு கொடுத்து வாங்கிய ஸ்கிரீன் வீணாகிறதே என்று அதை நிரப்பப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் குண்டு மனிதர்களோடு விளையாடுகிறார்கள்.

படி 1: கார்டிடம் சொல்லுங்கள்

என்விடியா கார்டு என்றால், என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வை (அகல-உயர விகிதம்) தேர்ந்தெடுங்கள். 'பெர்ஃபார்ம் ஸ்கேலிங் ஆன்' என்ற இடத்தில் 'ஜிபியு' (அதாவது கிராபிக்ஸ் கார்டு) என்று வையுங்கள். கீழே 'ஓவர்ரைடு' (Override) என்று தொடங்கும் கட்டத்தில் டிக் அடித்து 'அப்ளை' கொடுங்கள். இந்த டிக்கை விட்டுவிட்டால் சில கேம்கள் தங்கள் இஷ்டத்துக்கே படத்தை இழுக்கும்.

ஏஎம்டி கார்டு என்றால் அதன் அட்ரினலின் ஆப்பில் 'டிஸ்ப்ளே' பகுதியில் 'ஜிபியு ஸ்கேலிங்'கை ஆன் செய்து, 'பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ'. இன்டெலின் கிராபிக்ஸ் ஆப்பில் 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ'. லேப்டாப்பில் என்விடியா இருந்தும் மேலே சொன்ன பக்கம் காணவில்லையா? அந்த ஸ்கிரீன் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு இணைந்திருக்கும். அந்தச் சிப்பின் ஆப்பில் மாற்றுங்கள்.

படம் இப்போது சரியான வடிவில் வரும், ஆனால் கொஞ்சம் மங்கலாக இருக்கலாம். அதற்குத்தான் 'இன்டிஜர் ஸ்கேலிங்'. ஒரு புள்ளியை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் மட்டும் பெரிதாக்கும், அதனால் ஓரங்கள் கத்தரித்தாற்போல் இருக்கும். 2560×1440 மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு யோகம்: 640×480-ஐ மூன்றால் பெருக்கினால் 1920×1440, உயரம் கச்சிதமாகப் பொருந்திவிடும். 1920×1080-இல் இரண்டு மடங்குதான் போகும், அதாவது 1280×960. மேலேயும் கீழேயும்கூடப் பட்டை வரும். என்விடியாவில் இந்த வசதி ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்துதான் உண்டு.

படி 2: விண்டோஸ் செய்யும் குறும்பு

படத்தின் ஒரு பகுதி மட்டும் தெரிகிறது, மவுஸ் ஒரு இடத்தில் இருக்க கிளிக் வேறு இடத்தில் விழுகிறது என்றால், விண்டோஸில் எழுத்தின் அளவு 125% அல்லது 150% என்று இருக்கும். கேமின் எக்ஸி ஃபைலை (கேமைத் தொடங்கும் .exe ஃபைல்) ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கடைசிக் கட்டத்தில் டிக் அடித்து 'அப்ளிகேஷன்' என்று வையுங்கள்.

படி 3: பழைய 2டி கேம்கள்

1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவை டைரக்ட்டிரா என்ற பழைய முறையில் படம் வரைபவை. புது விண்டோஸில் அளவு மட்டுமல்ல, நிறமும் கெட்டுப்போகலாம்: புல் சிவப்பாக, தண்ணீர் ஊதாவாக. 'சிஎன்சி-டிடிரா' என்ற இலவச மென்பொருள் இரண்டையும் சேர்த்தே தீர்த்துவிடும். கிட்ஹப் தளத்தில் அதை உருவாக்கியவரின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஜிப்பைப் பிரித்து, எக்ஸி இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். கூடவே வரும் கான்ஃபிக் மென்பொருளைத் திறந்து 'ஃபுல்ஸ்கிரீன் அப்ஸ்கேல்டு' எடுத்து, 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ'வில் டிக் அடியுங்கள். அவ்வளவுதான்.

ஒரு யோசனை: கேமுக்குள் ரெசல்யூஷனை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். 1280×1024-இல் ஊர் நிறைய தெரியும், ஆனால் விறகு வெட்டும் ஆள் எறும்பளவுக்குப் போய்விடுவார். 1024×768 வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

படி 4: 3டி கேம்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 3டி கேம்களுக்கு 'டிஜிவூடூ 2' என்ற மென்பொருள். அதில் 'எம்எஸ்' ஃபோல்டருக்குள் 'எக்ஸ்86' என்று இருக்கும், அங்கே உள்ள டிஎல்எல் (.dll) ஃபைல்களைக் கேம் ஃபோல்டரில் போடுங்கள். எக்ஸ்64-ஐத் தொட வேண்டாம், பழைய கேம்கள் 32 பிட். அப்புறம் அதன் கண்ட்ரோல் பேனலில் 'ஸ்ட்ரெச்டு, கீப் ஆஸ்பெக்ட் ரேஷியோ'. மூலையில் லோகோ தெரிந்தால் 'வாட்டர்மார்க்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

வைஸ் சிட்டி, 2005-இன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட் போன்றவற்றுக்குக் கறுப்புப் பட்டைகூட வேண்டியதில்லை. 3டி என்பதால் பக்கவாட்டில் கூடுதல் காட்சியையே காட்ட வைக்கலாம். மோஸ்ட் வாண்டடின் மெனுவில் 1920×1080 என்ற தேர்வே கிடையாது. 'வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ்' என்ற ரசிகர் பேட்ச் அதைக் கொண்டுவரும். இறக்கிப் பிரித்து, ஸ்பீட்.எக்ஸி பக்கத்தில் போட்டால் போதும். வைஸ் சிட்டிக்கும் தனி ஃபிக்ஸ் உண்டு. முட்டையான ரேடார் மறுபடி வட்டமாகும். வைஸ் சிட்டியில் 'ஃபிரேம் லிமிட்டர்' (நொடிக்கு இத்தனை படம்தான் என்று கட்டுப்படுத்துவது) ஆனில் இருக்கட்டும். அதை அணைத்தால் கார் ஓட்டமே கோணலாகிவிடும்.

டாஸ் கேம் என்றால்

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா காலத்து 320×200 படத்தை அந்தக்கால மானிட்டர் உயரவாக்கில் கொஞ்சம் நீட்டித்தான் காட்டியது. டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் கான்ஃபிக் ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' என்று மாற்றாவிட்டால் இளவரசன் குள்ளமாகத் தெரிவான்.

சிடி ஓடவில்லையா?

பரணில் இருக்கும் ஒரிஜினல் சிடியைப் போட்டு எதுவுமே திறக்கவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அக்கால சிடிகள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. அந்தக் கேம் ஜிஓஜி, ஸ்டீம் போன்ற ஆன்லைன் கேம் கடைகளில் இருக்கிறதா என்று பார்த்து, தள்ளுபடி நேரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.