பழைய பைக்கில் டைமிங் வைப்பது எப்படி? முதலில் கேப், அப்புறம்தான் பிளேட்

கிக்கரை மிதித்தால் காலைத் திருப்பி அடிக்கிறதா? மேட்டில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சினுக்குள் 'டங் டங்' என்று தட்டுகிறதா? ஸ்பார்க் முன்கூட்டியே விழுகிறது, அதாவது டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) அட்வான்ஸ். வண்டி இழுக்கவில்லை, எஞ்சின் சீக்கிரம் சூடேறுகிறது, சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் ரிட்டார்ட், ஸ்பார்க் தாமதம். அட்வான்ஸை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகும்.

இங்கே சொல்வது பேட்டரி, காயில், சிபி பாயிண்ட் (திறக்கும்போது ஸ்பார்க் விழவைக்கும் சின்ன சுவிட்ச்) உள்ள நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு. சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) வண்டியில் பாயிண்டே கிடையாது.

முதல்முறை இந்த வேலையில் இறங்கியபோது நான் நேராக, பாயிண்ட் பொருத்தியிருக்கும் பிளேட்டைத் திருப்பி டைமிங்கைச் சரிசெய்தேன். பிறகுதான் கேப்பை, அதாவது பாயிண்ட் திறக்கும்போது உள்ள இடைவெளியைப் பார்த்தேன், குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததும் டைமிங் மறுபடி தப்பிவிட்டது. காரணம் எளிது. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், டைமிங் முன்னே போகும். கேப் குறைந்தால் தாமதமாகத் திறக்கும். பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய கேப் தானாகவே குறையும். அதனால்தான் யாரும் கைவைக்காத வண்டிகூட மாதக்கணக்கில் ஓடியபின் ரிட்டார்டுக்குப் போய்விடுகிறது. பிளேட்டைத் தொடாமல் கேப்பை மட்டும் சரிசெய்தாலே பாதி வண்டிகள் தேறிவிடும்.

1. பிளக்கைக் கழற்றுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் எஞ்சினைக் கையாலேயே சுற்றலாம். கழற்றிய பிளக்கை அதன் வயர் மூடியில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உடம்பில் தொடும்படி வையுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் ஸ்பார்க் பட்டால் தீப்பிடிக்கும்.

2. பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு என்று இருந்தால் கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் பாகம்) மேல் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது பாயிண்டில் பெரிய மஞ்சள் பொறி தெரிந்தாலும் அதேதான். லேசாகக் கருத்திருந்தால் நைஸ் எமரி பேப்பரால் தேய்த்து, சுத்தமான அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்தெடுங்கள். எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. ஆழமாகக் குழி விழுந்துவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

3. கேப் வையுங்கள். பாயிண்ட் முழுக்கத் திறக்கும் இடம் வரை எஞ்சினைச் சுற்றுங்கள். பல வண்டிகளுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை கேப் இருக்க வேண்டும்; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. 0.35 ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் லேசான பிடிப்போடு நழுவி வர வேண்டும், பாயிண்டைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போதே கேப் நகர்ந்துவிடும். தொடங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான்.

4. பல்பு வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். ஒரு வயரைப் பாயிண்டுக்கு வரும் வயர் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் பிடியுங்கள். இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது. திறக்கும் நொடியில் எரியும், ஸ்பார்க் விழும் நொடியும் அதுதான்.

இப்போது மேக்னெட் (எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) மேல் கண்ணை வையுங்கள். பல வண்டிகளில் 'எஃப்' என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு கோடும் இருக்கும். அந்தக் கோடு எஞ்சின் உடம்பில் உள்ள குறிக்கு நேராக வரும்போதே பல்பு எரிய வேண்டும். 'டி' கோட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். தாண்டிச் சுற்றிவிட்டால் பின்னோக்கித் திருப்பி நேர்ப்படுத்த வேண்டாம். நன்றாகப் பின்னே போய், மறுபடி ஓடும் திசையில் வாருங்கள். செயினிலோ கியரிலோ உள்ள தளர்ச்சி அளவைப் பொய்யாக்கிவிடும்.

5. பிளேட்டைத் திருப்புங்கள். பல்பு குறிக்கு முன்பே எரிந்தால் அட்வான்ஸ்: கேம் சுற்றும் திசையிலேயே பிளேட்டைத் துளி நகர்த்துங்கள். தாண்டியபின் எரிந்தால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள். நகமளவு அசைவே போதும். இறுக்கி, மறுபடி பல்பில் பாருங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்க வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் சூடாகிக் கெடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஐடிலில் நன்றாக நின்று, வேகத்தில் மட்டும் இழுக்காமல் போனால், அட்வான்சர் (வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னே தள்ளும் அமைப்பு) எடைகளைக் கையால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துச் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். துரு பிடித்து மெதுவாக வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து துளி எண்ணெய் விடுங்கள்.

புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேப்பை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். புது ஃபைபர் தொடக்கத்தில்தான் வேகமாகத் தேயும்.