நொக்கவுட் ஆட்டத்துக்கு முதல்: பெண்கள் கிரிக்கெட் அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீக் சுற்றில் ஒரு ஆட்டம் போனால் அடுத்ததில் சரிக்கட்டலாம். அரையிறுதியில் அந்த வசதி இல்லை. அந்தப் பயத்தில், இதுவரை கைகொடுத்ததை எல்லாம் கடைசி நேரத்தில் மாற்றிவிடுவதுதான் முதல் தவறு. மூன்றாம் இலக்கத்தில் நிதானமாக ஆடி வந்தவர் திடீரெனத் தொடக்கத்துக்கு அனுப்பப்படுவார். தொடர் முழுவதும் வீசாதவர் கையில் பந்து போகும். துடுப்பாட்ட வரிசையைத் தொடாதீர்கள். முதல்நாள் மாலை உட்கார்ந்து பேச வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

விதித்தாளை வாசிக்காமல் போவது

ஆட்டம் சமநிலையில் முடிந்தால் என்ன செய்வது, மழை குழப்பினால் இறுதிக்குப் போவது யார், பவர்பிளே (களத்தடுப்புக் கட்டுப்பாடுள்ள தொடக்க ஓவர்கள்) எத்தனை ஓவர், ஒருவர் எத்தனை ஓவர் வீசலாம். இந்த நான்குக்கும் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைக்காட்சியில் பார்த்த விதிதான் இங்கேயும் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. இந்தியாவின் மகளிர் பிரிமியர் லீக்கில் முதலிடம் பிடித்த அணி நேரே இறுதிக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகளுக்குத்தான் வெளியேற்றல் ஆட்டம். உங்கள் தொடரில் முறை வேறாக இருக்கலாம்.

சர்வதேச ரி20 (20 ஓவர் ஆட்ட) விதிப்படி பவர்பிளே 6 ஓவர், அதில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கலாம். ஒருவர் 4 ஓவர் வீசலாம், அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்டம் 12 ஓவராகச் சுருங்கினால் அந்தப் பங்கு சரியாகப் பிரியாது: இருவர் 3 ஓவர் வீசலாம், மற்றவர்களுக்கு 2 ஓவர்தான். மழைக்கால ஆட்டத்துக்குப் போகும் அணித்தலைவியிடம் இந்தக் கணக்கு ஒரு துண்டில் எழுதி இருக்க வேண்டும்.

சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்க்கும் சுப்பர் ஓவர் பற்றியும் முதலே பேசி முடியுங்கள். ஆட்டத்தில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணிதான் அதில் முதலில் ஆடும். இரண்டு விக்கெட் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. அதுவும் சமமானால் இன்னொன்று வரும். முதலாவதில் வீசியவர் அடுத்ததில் வீசமுடியாது, ஆட்டமிழந்தவர் திரும்ப ஆடமுடியாது. ஆகவே இரண்டு பந்துவீச்சாளரின் பெயர் தேவை. ஒருவரை மட்டும் யோசித்துவிட்டுப் போகும் அணிகள்தான் அதிகம்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் பக்கத்தைத் தெரிவு செய்வது

வன்னியில் வெட்டவெளி மைதானங்களே அதிகம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேர ஆட்டத்தின் போக்கையே காற்று மாற்றிவிடும். ஆனாலும் முதல் ஓவரை எந்தப் பக்கத்திலிருந்து வீசுவது என்பதைப் பெரும்பாலான அணிகள் யோசிக்காமலே முடிவெடுக்கின்றன.

ஆடுகளம் வழமைபோல் வடக்குத் தெற்காக இருந்தால், மேற்கேயிருந்து வரும் கச்சான் குறுக்கே வீசும். தெற்கு முனையிலிருந்து வீசும்போது வலக்கை ஆட்டக்காரரின் கால்பக்கம் (லெக் சைட்) கிழக்கில் அமையும். அவர் இழுத்துத் தூக்கும் பந்தைக் காற்றே எல்லைக்குக் கொண்டுபோகும். வடக்கு முனையிலிருந்து வீசினால் அதே அடி காற்றுக்கு எதிரே போகும், அரைவழியில் பிடியாகும். இடக்கை ஆட்டக்காரருக்கு எல்லாம் மாறி வரும்.

ஒற்றை இலக்க ஓவர்கள் ஒரு முனையிலிருந்தும், இரட்டை இலக்க ஓவர்கள் மறுமுனையிலிருந்தும் போகும். முதல் ஓவரைத் தெற்கு முனையில் தொடங்கினால் கடைசிக் கட்டத்தில் ஆபத்தான ஓவர்கள் 17, 19 ஆகின்றன. கடைசி ஓவர் வடக்கிலிருந்து, அடிப்பவருக்குக் கடினமான பக்கமாக வரும். எங்கள் பரிந்துரை இதுதான்: தெற்கில் தொடங்குங்கள், சிறந்த பந்துவீச்சாளரின் இரண்டு ஓவரை 17க்கும் 19க்கும் ஒதுக்கி வையுங்கள். காற்றின் திசை வேறாக இருந்தால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன் ஒரு பிடி மண்ணை எடுத்து இடுப்பளவில் விட்டுப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

களத்தடுப்பிலும் இது முக்கியம். காற்று போகும் பக்கத்து எல்லையில் நிற்பவர் கோட்டிலேயே நிற்கவேண்டும், பந்து நினைத்ததைவிடத் தூரம் வரும். காற்று வரும் பக்கத்தில் நிற்பவர் ஐந்தாறு அடி முன்னுக்கு நிற்கவேண்டும், பந்து மேலே தங்கி, எல்லை வரை வராமல் முன்னுக்கே விழும். அணியின் சிறந்த பிடி எடுப்பவரைக் காற்று போகும் பக்கம் விடுங்கள்.

கடைசி ஓவர்களை மிச்சம் பிடிக்காதது

விக்கெட் வேண்டும் என்ற அவசரத்தில் நல்ல பந்துவீச்சாளரின் நான்கு ஓவரையும் 14ஆம் ஓவருக்குள் முடித்துவிடுவார்கள். பிறகு 18ஆம் ஓவரில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று கூட்டம் கூடும். 2024 மார்ச் 15இல் டெல்லியில் நடந்த மகளிர் பிரிமியர் லீக் வெளியேற்றல் ஆட்டத்தைப் பாருங்கள். பெங்களூர் எடுத்தது 135 மட்டும், அதில் எலிஸ் பெரியின் 66. மும்பைக்குக் கடைசி 18 பந்தில் 20 ஓட்டம் போதும், கையில் ஏழு விக்கெட், களத்தில் மும்பைத் தலைவி ஹர்மன்பிரீத் கவுர். 18ஆம் ஓவரில் சிரேயங்கா பட்டீல் அவரை ஆட்டமிழக்கச் செய்தார். கடைசி ஓவரில் 12 வேண்டியிருக்க, கால்சுழல் வீசும் ஆஷா சோபனா 6 ஓட்டமே கொடுத்தார். பெங்களூர் 5 ஓட்டத்தால் வென்று, இறுதியிலும் வென்று கிண்ணத்தை எடுத்தது. முடிவு ஓவரை வேகப்பந்துதான் வீசவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேகம் குறைந்த பந்தை எல்லைக்கு அடிக்க ஆட்டக்காரர் தன் பலத்தை முழுக்கப் போடவேண்டும்.

அகலப்பந்தைச் சின்ன விஷயமாக நினைப்பது

ஒரு இன்னிங்ஸில் 12 அகலப்பந்து என்றால் 12 ஓட்டம் என்று எண்ணவேண்டாம். பன்னிரண்டு பந்தைத் திரும்பவும் வீசவேண்டும், அது இரண்டு ஓவர். ஓவருக்கு 6 ஓட்டம் போகும் ஆட்டத்தில் மொத்தச் செலவு 24. குறைந்த ஓட்டங்களில் முடியும் பெண்கள் ஆட்டத்தில் இது வெற்றி தோல்வியின் முழு இடைவெளி.

பெரும்பாலும் கால்பக்கமாகப் போகும் பந்துகள்தான் இந்தச் செலவை வைக்கின்றன. குறுகிய ஓவர் ஆட்டத்தில் அந்தப் பக்கத்துக்கு மத்தியஸ்தர் இரங்கமாட்டார். பாய் விரித்த ஆடுகளத்தில் சுழல் அதிகம் பிடிக்கும். சீமெந்துத் தளத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து அதே கோட்டில் வீசினால் பந்து காலுக்கு வெளியே போய்விடும். முதல்நாள் ஒவ்வொரு பந்துவீச்சாளரும் பாயில் 24 பந்து வீசட்டும். ஓஃப் ஸ்ரம்புக்கு ஒரு சாண் வெளியே சப்பாத்தை வைத்து, அதையே குறியாக எடுக்கட்டும்.

கிரவல் தரையில் ஒரு குத்து எறிதல்

எல்லையிலிருந்து ஒரு குத்து விட்டு, அதாவது பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்படி எறிவது புல் மைதானத்துக்கு நல்ல முறை. கிரவல் தரையில் அந்தக் குத்து எங்கே திரும்பும் என்று தெரியாது. இலக்குக் காப்பாளரைத் தாண்டி இன்னும் இரண்டு ஓட்டம் போகும். 25, 30 மீற்றரில் ஒருவர் ஓடிவந்து வாங்கி, குத்து இல்லாமல் எறியவேண்டும். தரையில் வரும் பந்தைக் கையால் மட்டும் அள்ளப் பார்க்காமல், முழங்காலை மடித்து உடம்பைப் பின்னுக்கு வையுங்கள்.

ஓடும் பக்கத்தில் ஒன்று: பந்து கையை விட்டுப் போகும்வரை மறுமுனை ஆட்டக்காரரின் துடுப்பு கோட்டுக்கு உள்ளேயே இருக்கவேண்டும். 2022இல் லோர்ட்ஸில் பந்துவீச வந்த தீப்தி சர்மா, மறுமுனையில் கோட்டைத் தாண்டி நின்ற சார்லி டீனை ஆட்டமிழக்கச் செய்தது இப்படித்தான். அது முறையான ரன் அவுட். நொக்கவுட் நாளில் அதைப் பற்றி வாக்குவாதப்பட்டுப் பயனில்லை.

பந்தும் தலைக்கவசமும்

பெண்கள் ஆட்டத்துக்கான கடினப்பந்து 140 முதல் 151 கிராம். ஆண்களுடையது 156 முதல் 163 கிராம், சுற்றளவும் அதிகம். கழகத்தில் இருக்கும் ஆண்களின் பந்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் பிடியும் எறிதலும் சுழலும் எல்லாம் கை மாறிப்போகும். இரண்டு கிழமைக்கு முன்னரே சரியான பந்தில் பழகுங்கள்.

ஆண்கள் அணியிடம் இரவல் வாங்கும் தலைக்கவசத்தில் நெற்றி விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே பந்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பெண்களின் பந்து சிறியது, ஆண்களின் பந்துக்கு அடைபடும் இடைவெளியில் இது நுழையலாம். நுழைந்தால் அந்தக் கவசம் வேண்டாம். பின்னலை உச்சியில் கட்டினால் கவசம் முன்னுக்குத் தள்ளும், கழுத்தோடு தாழ்த்திக் கட்டவேண்டும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது

பல பிள்ளைகள் ஆட்டநாளில் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. மைதானத்தில் ஒழுங்கான கழிப்பறை இல்லை என்பதே காரணம். வன்னி வெயிலில் இரண்டாம் இன்னிங்ஸில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், 15ஆம் ஓவருக்குப் பிறகு பிடிகள் விழுவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. இதை வீராங்கனையின் குறையாகப் பார்க்காதீர்கள், பொறுப்பு முகாமையாளருடையது. பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் உள்ள கழிப்பறை பக்கத்துப் பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்து, திறப்பை வாங்கி வையுங்கள். மேலதிகமாக நப்கின்களும் ஒரு கறுப்புக் காற்சட்டையும் அணிப் பையில் இருக்கட்டும்.

ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன் இடியப்பமோ புட்டோ சாப்பிட்டு, அதோடு ஒன்றிரண்டு குவளை தண்ணீர் குடிக்கலாம். பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு குவளை. வியர்வை அதிகம் போகிறவர்களுக்கு ஜீவனியை (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) பக்கெற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரிலேயே கரைத்துக் கொடுங்கள். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் வயிறு குழம்பும்.