மகள் பெயருக்கு ஜிஐ பில் மாற்றிய கதை

அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருஷம் முடிந்ததும், ராணுவத்தினரின் படிப்புக்கு அரசு தரும் சலுகையான என் போஸ்ட் 9/11 ஜிஐ பில்லைக் குடும்பத்துக்கு மாற்றலாம் என்று, அதற்கான ராணுவ இணையதளமான மில்கனெக்டைத் திறந்தேன். மனைவி பெயர் இருந்தது. மதுரையில் பாட்டியிடம் வளர்ந்து அப்போதுதான் எங்களிடம் வந்திருந்த மகள் பெயர் இல்லை.

அந்தப் பட்டியல், ராணுவத்தினர், அவர்கள் குடும்பத்தார் விவரங்களை வைத்திருக்கும் டீர்ஸ் பதிவிலிருந்து வருகிறது. அங்கே பெயர் ஏறாதவரை இங்கே ரெஃப்ரெஷ் செய்து புண்ணியமில்லை. பிறப்புச் சான்று, சோஷியல் செக்யூரிட்டி கார்டோடு முகாமிலுள்ள ஐடி கார்டு ஆபீசுக்குப் போய், டீர்ஸில் பெயர் சேர்க்கும் 1172-2 படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பெயர் ஏறிவிட்டது.

அடுத்து, சலுகையில் கிடைக்கும் 36 மாதப் படிப்பைக் குடும்பத்தாருக்குப் பிரிக்கும் வேலை. பணியில் இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு மாதமாவது போட்டு வையுங்கள். பணியை விட்ட பிறகும் மாதங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். புது ஆளைச் சேர்க்க முடியாது. இப்படி மாற்றித் தருவதற்குப் பதிலுக்கு இன்னும் 4 வருஷம் சேவை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். சும்மா தூக்கிக் கொடுப்பார்களா என்ன!

மனைவி உடனே படிக்கலாம். ஆனால் நான் ஆக்டிவ் டியூட்டியில் இருக்கும்வரை அவளுக்கு வீட்டுப்படி கிடையாது. மகளுக்கு உண்டு. ஆனால் அவள் சலுகையைப் பயன்படுத்த என் சேவை 10 வருஷத்தைத் தொட வேண்டும், அவளும் 26 வயதுக்குள் படித்து முடிக்க வேண்டும். அதனால் பெரும்பங்கை அவளுக்கே ஒதுக்கினேன்.

மாற்றத்துக்கு ஒப்புதல் வந்தால் மட்டும் போதாது. கல்லூரி நேரம் வந்தபோது மகளே, சலுகையைத் தரும் முன்னாள் படைவீரர் துறையான விஏ-வுக்கு 22-1990இ என்ற விண்ணப்பப் படிவம் அனுப்பினாள். தகுதிச் சான்று அவள் பெயரிலேயே வந்தது.