35 தாண்டியபின் அமெரிக்காவில் கல்லூரி: உதவித்தொகை கேட்பது எப்படி?

கிரீன் கார்டு கையில் இருக்கிறதா? சரி, முதலில் ஃபாஃப்சா (FAFSA) படிவத்தைப் போடுங்கள், அரசின் படிப்பு உதவிக்கான விண்ணப்பம் அதுதான். இலவசம்தான், காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். அதன் வழியே கிடைக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவியான பெல் மானியத்துக்கு வயது வரம்பில்லை. ஆனால் ஊரில் வாங்கிய பி.ஏ.வும் பட்டம்தான், இருந்தால் கிடைக்காது. (பிளஸ் டூவோடு நிறுத்தியவர்களுக்கு இங்கே யோகம்!)

படிவம் இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கைப் பார்க்கும். நடுவில் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தால், பணிநீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், இன்றைய வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள்.

அப்புறம் ஜெனட் ராங்கின் நிதி. 1976இல் தொடங்கியது, 35 வயதோ அதற்கு மேலோ ஆன, வருமானம் குறைந்த பெண்களுக்கானது. விண்ணப்பக் கட்டுரையில் கஷ்டத்தை நாலு வரியில் முடித்துவிட்டு, எந்தப் படிப்பு, முடித்ததும் என்ன வேலை என்பதை விரிவாக எழுதுங்கள்.