ஏ-லெவல் நடனம்: மதிப்பெண் கசியும் இடங்கள்

இங்கிலாந்தில் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்காரர்கள் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் நடனத்தைப் பாடமாக எடுப்பவர்கள் முதலில் சறுக்குவது, ஆடத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதில்தான். ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் ஏ-லெவலில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வில், சரிபாதி எழுத்துத் தேர்வு. இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 75 மூன்று கட்டுரைகளுக்குப் போகிறது. தனி ஆட்டம், நால்வர் ஆட்டம், சொந்தமாக அமைக்கும் குழு நடனம் மூன்றும் சேர்ந்துதான் மறுபாதி.

லண்டன் தமிழ் வீடுகளில் இன்னொரு நம்பிக்கை உண்டு: பரதநாட்டிய அரங்கேற்றம் முடித்த பிள்ளைக்கு இதெல்லாம் சும்மா. இல்லை. தனி ஆட்டம் நமக்குக் கைவந்த பாணியில் ஆடுவதல்ல. பாடத்திட்டம் சொல்லும் ஒரு கலைஞரின் பாணியோடு அது இணைந்திருக்க வேண்டும். அமெரிக்க நவீன நடன முன்னோடி மார்த்தா கிரஹாமை எடுத்தால் மூச்சை விடும்போது இடுப்புப் பகுதி உள்வாங்கி முதுகு வளைய வேண்டும். மூச்சை இழுக்கையில் விரிய வேண்டும். அரைமண்டியில் நிமிர்ந்த முதுகுக்குப் பழகிய உடம்பு இந்த வளைவைத் தராமல், கையாலும் முகத்தாலும் ஈடுகட்டப் பார்க்கும். தரையில் உட்கார்ந்து, கைகளை மறந்துவிட்டு, மூச்சையும் முதுகையும் மட்டும் சில வாரம் பழகிய பிறகு எழுந்து ஆடுவது நல்லது.

அதிகம் கோட்டைவிடுவது குழு நடனத்தில். வாரியம் தரும் வினாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பலர் செய்வது, பிடித்த பாட்டைத் தேடுவது. பிறகு வரிக்கு வரி அசைவு: மழை என்றால் விரல்கள் கீழிறங்கும், கண்ணீர் என்றால் கை கன்னத்துக்குப் போகும். பாட்டுக்குப் பொழிப்புரை எழுதிய மாதிரி ஆகிவிடும். இசையே இல்லாமல் எட்டு எண்ணிக்கையில் ஒரு மூல அசைவை முதலில் அமையுங்கள். அதைப் பின்னிருந்து முன்னாகச் செய்து பாருங்கள். தரையோடு தரையாகச் செய்யுங்கள். நான்கு எண்ணிக்கையை மட்டும் வெட்டியெடுத்து இரு மடங்கு மெதுவாக்குங்கள். இரண்டு எண்ணிக்கை தள்ளி ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கவிடுங்கள். அடவுகளை மூன்று காலத்திலும் போட்டவர்களுக்கு, அலாரிப்பைத் திஸ்ரத்திலும் மிஸ்ரத்திலும் ஆடியவர்களுக்கு, இந்தப் புத்தி ஏற்கெனவே இருக்கிறது. அதை இங்கே பயன்படுத்தத் தோன்றாததுதான் வேடிக்கை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வினாவோடு தொடர்புள்ள காரணம் வேண்டும். காரணமில்லாத மாற்றம் வெறும் நிரப்பல்.

ஆடுபவர்களை நட்புக்காகச் சேர்ப்பதும் ஆபத்து. ஐந்து பேரின் கால அட்டவணை ஒரே நேரத்தில் ஒத்துவருவது அபூர்வம். ஒத்திகைக்குத் தவறாமல் வரும் மூன்று பேர், அவ்வப்போது எட்டிப்பார்க்கும் ஐந்து பேரைவிட மேல்.

நால்வர் ஆட்டத்தில் எதிரி கண்ணாடிதான். கண்ணாடியைப் பார்த்தே ஒத்திசைந்து பழகியவர்கள், அது இல்லாத இடத்தில் சிதறிவிடுவார்கள். கடைசி மூன்று வாரமாவது அதற்கு முதுகு காட்டி ஆடுங்கள். ஜனவரிக் குளிரில் உடம்பைச் சூடாக்காமல் நேராகக் காலை நீட்டி இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம்; பத்துப் பதினைந்து நிமிடம் அசைந்த பிறகு இழுக்கலாம்.

எழுத்துத் தேர்வுக்கு வருவோம். கட்டாயப் பகுதி 1966 முதல் 2002 வரையிலான ரேம்பர்ட் என்ற பிரிட்டிஷ் நடனக் குழு; அதில் படிக்க வேண்டிய படைப்பு நடன அமைப்பாளர் கிறிஸ்டோபர் புரூஸின் 'ரூஸ்டர்' (சேவல்). அது ரேம்பர்ட்டுக்காகவே உருவானது என்று எழுதிவிடுகிறார்கள். 1991இல் ஜெனிவா பாலே குழுவுக்காக அமைக்கப்பட்டு, புரூஸ் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற 1994இல்தான் ரேம்பர்ட்டுக்கு வந்தது. குழுவின் பெயரிலும் தடுமாற்றம்: 1987 வரை அது 'பாலே ரேம்பர்ட்'. 1966 ஏன் தொடக்கம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நடன அமைப்பாளர் நார்மன் மோரிஸின் முயற்சியில் குழு பெரிய செவ்வியல் பாலேக்களைக் கைவிட்டுச் சிறிய நவீன நடனக் குழுவாக மாறிய ஆண்டு அது.

'ரூஸ்டர்' பற்றி "ஆண்கள் திமிராக ஆடுகிறார்கள்" என்ற வாக்கியத்தால் பெரிய பயனில்லை. கழுத்தை முன்னே வெட்டி நீட்டும் சேவல் நடை, இடையிடையே டையைச் சரிசெய்யும் கை, அந்த மிடுக்கு அறுபதுகளின் ஆண்களைப் பற்றிச் செய்யும் கேலி என்று அசைவிலிருந்து பொருளுக்குப் போக வேண்டும். கணக்குப்படி ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம், ஒரு கட்டுரைக்குச் சுமார் 37 நிமிடம். வீட்டில் இரண்டு மணி நேரம் செதுக்கிப் பழகியவர்களுக்கு, மூன்றாவது கட்டுரை பாதியில் நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.